இளைப்பு எல்லாம் ஆஸ்துமா அல்ல: ஆல்பா-1 குறைபாடும் நம்மூர்த் தூசியும்

பஞ்சாலையில் வேலை பார்க்கும் 38 வயதுக்காரர் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னால், கொங்கு நாட்டில் யாரும் காரணம் தேடப் போவதில்லை. “மில்லுத் தூசிதானுங்க” என்று அவரே சொல்லிவிடுவார். சோமனூரில் விசைத்தறி, திருப்பூரில் பனியன் கம்பெனி, பொள்ளாச்சியில் மஞ்சி (தேங்காய் நார்) மில், கோவையில் ஃபவுண்டரி, நாமக்கல்லிலும் பல்லடத்திலும் கோழிப்பண்ணை, ஈரோட்டில் மஞ்சள் பாலிஷ் என்று ஊருக்கு ஒரு தூசி இருக்கிறது. போதாததற்கு ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று. இவை எல்லாமே உண்மையான காரணங்கள்தான். ஆனால் இவை இருப்பதாலேயே, அதே தூசியில் அத்தனை பேர் வேலை செய்யும்போது இவருக்கு மட்டும் நுரையீரல் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெட்டது என்று யாரும் கேட்பதில்லை. ஆஸ்துமா என்று எழுதி, பம்பு கொடுத்து, வருஷங்கள் ஓடிவிடுகின்றன.

அந்தக் கேள்விக்கு இருக்கக்கூடிய பதில்களில் ஒன்று ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு. கல்லீரலில் உருவாகும் ஒரு புரதம் பிறவியிலேயே போதிய அளவு ரத்தத்துக்கு வராததால் வருவது. நம் நாட்டில் இது அரிது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீசிங் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நிஜமாகவே ஆஸ்துமாதான் இருக்கும். அல்லது பீடி, அடுப்புப் புகை, பழைய டி.பி. விட்டுப்போன தழும்பு காரணமாக இருக்கும். ஆனாலும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ள எல்லோருக்கும் வாழ்நாளில் ஒரு முறை இந்தப் புரதத்தை அளந்துவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1997இல் பரிந்துரைத்தது. மருந்து கொடுத்தும் அடைப்பு முழுசாக விலகாத ஆஸ்துமாக்காரர்களுக்கும் அளக்க வேண்டும் என்று அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவ சங்கங்கள் 2003இல் எழுதின. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. அதைக் கேட்காமல் விட்டால் இழப்பது நுரையீரல் என்பதால்தான் அரிதான நோய்க்கு இத்தனை நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

உடம்புக்குள் நடப்பது இது. சளி, தூசி, கிருமி எது நுரையீரலுக்குள் போனாலும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் அங்கே கூடுகின்றன. அவை எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கக்குகின்றன. கிருமியைச் சிதைக்கும் அந்த நொதி, காற்றறைகளின் சுவரில் இருக்கும் எலாஸ்டின் இழைகளையும் சேர்த்து அரித்துவிடும். வேலை முடிந்ததும் அதை அடக்குவதுதான் ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சினின் பொறுப்பு. அது குறைந்தால் ஒவ்வொரு சளிக்கும், ஒவ்வொரு நாள் தூசிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர் கரைகிறது. பலமுறை துவைத்து நைந்துபோன பனியன் எலாஸ்டிக் போல நுரையீரல் விரியும், ஆனால் திரும்பச் சுருங்காது. உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் தேங்குகிறது. எம்ஃபிசீமா என்பது இதுதான். கரைந்த சுவர் மறுபடி வளராது.

புகைப்பவர்களுக்கு இதில் இன்னொரு கேடு சேர்கிறது. எலாஸ்டேஸைப் பிடித்து நிறுத்துவது இந்தப் புரதத்தின் 358ஆவது இடத்தில் இருக்கும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம். பீடி, சிகரெட் புகை அதை ஆக்சிஜனேற்றம் செய்து செயலிழக்க வைக்கிறது. ஆக, இருக்கும் கொஞ்சநஞ்சப் புரதமும் பயன்படாமல் போகிறது. இந்தக் குறைபாடு உள்ளவர் புகைத்தால் 30களின் பிற்பகுதியிலும் 40களிலுமே மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். புகைக்காத பலர் அதற்குப் பிறகும் வெகுகாலம் நன்றாக இருக்கிறார்கள். இந்த நோயில் மருந்து எதுவும் தர முடியாத அளவு வித்தியாசத்தைப் புகையை விடுவது தந்துவிடும். விட நினைப்பவர்களுக்குத் தேசியப் புகையிலை உதவி எண் 1800-11-2356 இருக்கிறது, இலவசம்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஸ்வீடனின் மால்மோ நகரில் வேலை செய்த கார்ல்-பெர்ட்டில் லாரலும் ஸ்டென் எரிக்சனும். சுமார் 1,500 பேரின் ரத்தப் புரதங்களை மின்புலத்தில் பிரித்துப் பார்த்ததில், 5 பேரின் பட்டையில் ஆல்பா-1 கோடு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அந்த ஐவரில் மூவருக்கு நுரையீரல் நோய். 1963இல் அதை வெளியிட்டார்கள். இந்தப் புரதத்துக்கான மரபணு 14ஆவது குரோமோசோமில் இருக்கிறது, பெயர் செர்பினா-1. வழக்கமான வகையை எம் என்கிறார்கள். அதிகம் பேசப்படும் கோளாறான வகை இசட்: 342ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் லைசின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்த ஒரே மாற்றத்தால் புரதம் சரியாக மடியாமல், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கல்லீரல் செல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று வரும் மரபணுவின் இரண்டு பிரதியும் இசட் ஆக இருப்பவரின் ரத்தத்தில் வழக்கமான அளவில் 10 முதல் 20 சதவீதம்தான் இருக்கும். நுரையீரலுக்குப் பற்றாக்குறை, கல்லீரலுக்குத் தேக்கம் என்று ஒரே கோளாறு இரண்டு உறுப்புகளைத் தொடுகிறது.

ஆஸ்துமாவோடு இது ஏன் குழம்புகிறது என்றால், அறிகுறிகள் அப்படி. நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். சளி பிடித்தால் இளைப்பு ஏறும். தூசியில் மோசமாகும். பம்பு அடித்தால் ஓரளவு தணியும். அந்த “ஓரளவு”தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. ஆஸ்துமாவில் நல்ல நாள் என்று ஒன்று உண்டு. அன்றைக்கு மூச்சு முழுசாகச் சரியாக இருக்கும். இதில் அப்படி ஒரு நாள் வருவதே இல்லை. போன வருஷம் இரண்டு மாடி ஏறியவர் இந்த வருஷம் ஒரு மாடியில் நிற்கிறார். ராத்திரி இளைப்பை விட, நடையிலும் சுமை தூக்குவதிலும் வரும் மூச்சுத்திணறல்தான் முந்தி நிற்கும். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸுக்கும் ஓர் அடையாளம் உண்டு. வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சை இறுக்கும், அடுத்தடுத்த நாளில் தளரும். ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்தும் மூச்சு மாறவில்லை என்றால், தூசியோடு மட்டும் கணக்கை முடித்துவிடக் கூடாது.

சின்னக் குழந்தைகளின் வீசிங்குக்கு இந்த நோய் காரணமாக இருப்பது அபூர்வம். எம்ஃபிசீமா 25, 30 வயதுக்கு முன்னால் வருவது மிகக் குறைவு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இளைப்பு என்று இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம்.

முதலில் செய்ய வேண்டியது ஸ்பைரோமெட்ரி, ஊதுகிற டெஸ்ட். இதை ஒழுங்காகச் செய்யாமல் வரும் ரிப்போர்ட்டுகள் நிறைய. முதல் நாளே சொல்லி, சல்பியூட்டமால் பம்பைக் குறைந்தது 4 மணி நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்துகளை மருத்துவர் சொல்லும்படி 12 முதல் 24 மணி நேரம். நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கில் கிளிப் மாட்டி, குழலை உதடுகளால் காற்றுக் கசியாமல் கவ்வி, நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே வீச்சில் வெடித்தாற்போல் ஊத வேண்டும். ஊதிவிட்டு நிறுத்தக் கூடாது. 6 விநாடி ஆனாலும் கடைசிக் காற்று வரை தள்ள வேண்டும். பலர் 2 விநாடியில் விட்டுவிடுகிறார்கள். அப்போது மொத்தக் காற்றின் அளவு குறைவாகப் பதிவாகி, முதல் விநாடிக் காற்றுக்கும் மொத்தக் காற்றுக்கும் உள்ள விகிதம் நன்றாக இருப்பதுபோல் தெரியும், அடைப்பே மறைந்துபோகும். நல்ல ஊதல் மூன்று வேண்டும். அதில் சிறந்த இரண்டுக்கும் 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பிறகு பம்போடு மாட்டும் ஸ்பேசர் குழாய் வழியாகச் சல்பியூட்டமால் 4 அடி, அதாவது 400 மைக்ரோகிராம். 15 நிமிஷம் காத்திருந்து மறுபடி ஊத வேண்டும். இந்த இரண்டாம் பாதியைச் செய்யாத ரிப்போர்ட் இந்த விஷயத்தில் பயன்படாது.

ரிப்போர்ட்டை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். மருந்துக்கு முன் முதல் விநாடியில் வெளியேறிய காற்று 1.60 லிட்டர், மருந்துக்குப் பின் 1.84 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 240 மில்லி, 15 சதவீதம் கூடியிருக்கிறது. 12 சதவீதமும் 200 மில்லியும் தாண்டினால் மருந்துக்குப் பதில் இருக்கிறது என்று கணக்கு. “ரிவர்சிபிள்”, அதாவது மருந்துக்கு விலகும் அடைப்பு, என்று அச்சாகும், உடனே ஆஸ்துமா என்று முடிவாகும். ஆனால் மருந்துக்குப் பின்னான வரியில் மொத்தக் காற்று 3.40 லிட்டர். 1.84ஐ 3.40ஆல் வகுத்தால் 0.54. மருந்து வேலை செய்த பிறகும் விகிதம் 0.70க்குக் கீழேயே நிற்கிறது. அதாவது விலகாத அடைப்பு உள்ளே இருக்கிறது. ஆல்பா-1 குறைபாடு உள்ளவர்களிலும் கணிசமானவர்களுக்கு மருந்துக்கு இப்படிப் பதில் வரும். எனவே எவ்வளவு கூடியது என்பதோடு நிறுத்தாமல், கூடிய பிறகு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பல ரிப்போர்ட்டுகள் வெப்பத்தாளில் அச்சாகி ஒன்றிரண்டு வருஷத்தில் வெளிறிவிடுகின்றன. வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். அடுத்தடுத்த வருஷங்களின் சரிவை அளக்க முதல் தாள்தான் அடிப்படை.

டி.எல்.சி.ஓ. என்ற வாயுப் பரிமாற்றச் சோதனை இருக்கும் இடத்தில் அதையும் செய்யலாம். ஆஸ்துமாவில் அது சரியாகவோ கொஞ்சம் கூடவோ இருக்கும், எம்ஃபிசீமாவில் குறையும். சி.டி. ஸ்கேனில் கவனிக்க வேண்டியது இடம். பீடி, சிகரெட்டால் வரும் எம்ஃபிசீமா நுரையீரலின் மேல் பாதியைத்தான் முதலில் தின்னும். டி.பி. தழும்பும் ஃபவுண்டரி மணல் தூசியால் வரும் சிலிகோசிஸும் மேலேதான் அதிகம். ஆல்பா-1 குறைபாட்டில் பெரும்பாலும் அடிப்பகுதி வெறுமையாகிறது. 40 வயதில் அடிநுரையீரல் கறுத்து வெறிச்சென்று இருந்தால், ரத்தப் பரிசோதனைக்கு அதற்கு மேல் காரணம் தேவையில்லை.

அந்த ரத்தப் பரிசோதனையின் பெயர் சீரம் ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின். வெறும் வயிறு வேண்டியதில்லை. லேபில் “சீரம்” என்று அழுத்திச் சொல்லுங்கள். இதே பெயரில் மலத்தில் செய்யும் பரிசோதனை ஒன்று இருக்கிறது, அது குடல் வழியாகப் புரதம் வீணாகிறதா என்று பார்ப்பதற்கு. பெரியவர்களுக்கு 100 முதல் 200 மில்லிகிராம் வரை வழக்கமான அளவு என்று பெரும்பாலான லேபுகள் அச்சிடும், ஒரு டெசிலிட்டருக்கு. சில லேபுகள் லிட்டருக்குக் கிராமில் தரும், 0.9 என்று வந்தால் அது 90 மில்லிகிராம். மைக்ரோமோலில் வந்தால் 11 என்பது ஏறத்தாழ 57 மில்லிகிராம். அதற்குக் கீழே போனால்தான் நுரையீரலுக்கு ஆபத்து கூடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் 110 மில்லிகிராமுக்குக் கீழே எது வந்தாலும், லேப் கணக்கில் அது வழக்கமான அளவாகவே இருந்தாலும், மரபணுப் பரிசோதனைக்குப் போவது நல்லது.

தவறு நடப்பது எடுக்கும் நேரத்தில். உடம்பில் அழற்சி வந்தால் கல்லீரல் இந்தப் புரதத்தை அதிகம் சுரக்கும். நிமோனியாவில் அட்மிட் ஆகியிருக்கும்போது எடுத்தால், ஒரு பிரதி கோளாறாக இருப்பவருக்கு அளவு சாதாரணமாகவே வந்துவிடலாம். கர்ப்பத்திலும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்கும்போதும் அளவு ஏறும். அதனால் கூடவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும். சி.ஆர்.பி. ஏறியிருந்தால், உடம்பு தேறிய பிறகு மறுபடி எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு: சிறுநீரிலோ குடலிலோ புரதம் வீணாகும் நோய்களிலும், முற்றிய கல்லீரல் நோயிலும் பிறவிக் குறை இல்லாமலே அளவு இறங்கும்.

மரபணுப் பரிசோதனையில் நம்மவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மலிவாகக் கிடைக்கும் பல பரிசோதனைகள் எஸ், இசட் என்ற இரண்டு வகைகளை மட்டும் தேடும். அவை ஐரோப்பியர்களிடம் அதிகம் காணப்படுபவை. ஆசியர்களிடம் இந்தக் குறைபாடு வேறு அரிய வகைகளாலும், புரதமே உருவாகாத “நல்” வகைகளாலும் வரலாம். ரத்த அளவு 40 மில்லிகிராம், ஆனால் “எஸ் இல்லை, இசட் இல்லை” என்று ரிப்போர்ட் வந்தால் அதை நல்ல சேதி என்று மூடி வைக்கக் கூடாது. செர்பினா-1 மரபணுவை முழுசாக வரிசைப்படுத்திப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அளவும் மரபணுவும் ஒத்துப்போகாத வரை விசாரணை முடியவில்லை.

அடுத்தது குடும்பம். அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி என்று இரண்டும் கோளாறாக வந்தால்தான் கடுமையான குறைபாடு. அப்பா, அம்மா இருவரும் ஒரு பிரதி மட்டும் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நம்மூரில் கூட்டம் (குலம்) பார்த்துத்தான் பெண் கொடுப்பார்கள், எடுப்பார்கள். ஒரே கூட்டத்தார் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை. ஆனால் கூட்டம் அப்பன் வழியில் மட்டும் எண்ணப்படுவது. மரபணு இரண்டு வழியிலும் வரும். தாய்மாமன் மகளைக் கட்டினால் கூட்டம் வேறு, ஆனால் மாப்பிள்ளையின் அப்புச்சி, அம்மாயி, அதாவது அவர் அம்மாவைப் பெற்றவர்கள், வழியாக வந்த ரத்தம் இருவருக்கும் பொது. மாமன், அத்தை பிள்ளைகளுக்கு மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும்; அக்கா மகளைக் கட்டியவருக்கு நான்கில் ஒரு பங்கு. அரிதான கோளாறு ஒன்று குடும்பத்தில் இருந்தால், இரண்டு பிரதியாக அது சந்திக்கும் வாய்ப்பு இங்கேதான் கூடுகிறது. இது யாருடைய கல்யாணத்தையும் குறை சொல்வதற்கல்ல. மருத்துவர் குடும்ப விவரம் கேட்கும்போது அப்பாரு (அப்பாவின் அப்பா) வழி மட்டும் சொல்லாமல் அப்புச்சி வீட்டு வழியும் சொல்ல வேண்டும். சொந்தத்தில் கல்யாணம் என்றால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பழைய தலைமுறையில் “நெஞ்சுச் சளியில போய்ட்டாரு”, “டி.பி. வந்து பெருந்துறை சானடோரியத்துல இருந்தாரு” என்று சொல்லப்படும் எல்லாச் சாவும் டி.பி.யாக இருக்க வேண்டியதில்லை. மதுப் பழக்கமே இல்லாமல் கல்லீரல் சுருங்கி இறந்த பெரியப்பா, சித்தி யாராவது உண்டா என்றும் விசாரியுங்கள். நுரையீரல் கெட்டவரும் கல்லீரல் கெட்டவரும் ஒரே குடும்பத்தில் இருந்தால் இந்த நோயை நினைக்க அது வலுவான காரணம். ஒருவருக்கு உறுதியானால் முதலில் கூடப்பிறந்தவர்களைச் சோதிக்க வேண்டும், பிறகு பிள்ளைகளை. கடுமையான குறைபாடு உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது ஒரு பிரதியைச் சுமக்கும்.

கல்லீரல் பக்கம் பிறந்த குழந்தையிலேயே தெரியலாம். ஸ்வீடனில் 1972 முதல் 1974 வரை 2 லட்சம் குழந்தைகளைச் சோதித்து, இரண்டு இசட் உள்ள 120க்கும் மேற்பட்டவர்களைக் கண்டுபிடித்துப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பிறந்த புதிதில் நீடித்த மஞ்சள் காமாலை வந்தது. பிறந்து 14 நாள் தாண்டியும் மஞ்சள் குறையாமல், மலம் வெளுத்துப் போனால், வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. நேர்முக பிலிருபின் (ரத்தத்தில் உள்ள மஞ்சள் நிறமியின் ஒரு வகை) பார்க்க உடனே கொண்டுபோக வேண்டும். பெரியவர்களுக்கு வருஷம் ஒரு முறை கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் போதும். ரத்தத்தில் எல்லாம் சரி என்று வந்தாலும் தழும்பு இருக்கலாம் என்பதால், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் ஒரு முறை செய்துவிடலாம். மது வேண்டாம். ஹெபடைடிஸ் ஏ, பி இரண்டுக்கும் தடுப்பூசி வேண்டும்.

சிகிச்சையில், குறைந்திருக்கும் புரதத்தையே ஊசி வழியாகக் கொடுக்கும் முறை அமெரிக்காவில் 1987இல் அனுமதி பெற்றது. ரத்த தானம் தந்தவர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுப்பது. உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம், வாரம் ஒரு முறை, ஆயுள் முழுக்க. 60 கிலோ ஆளுக்கு ஒரு வாரத்துக்கு 3.6 கிராம். சி.டி.யில் அளக்கும் நுரையீரல் அடர்த்தி குறைவதை அது மெதுவாக்குகிறது என்று 2015இல் வெளியான ராப்பிட் ஆய்வு காட்டியது. ஊதும் சோதனையில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. கல்லீரலுக்கு அது உதவாது, கரைந்த சுவரையும் மீட்டுத் தராது. விலை நம் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு எட்டாதது. அதை நினைத்து, கண்டுபிடித்து என்ன பயன் என்று சோர்ந்துவிடக் கூடாது. நுரையீரலைக் காக்கும் மற்ற வேலைகள் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

பம்பு தொடர வேண்டும், ஆனால் நீண்ட நேரம் மூச்சுக்குழாயை விரித்து வைக்கும் டயோட்ரோபியம் போன்றவை முன்னால் வரும். கேஸ் பம்பை மெதுவாக இழுத்து 10 விநாடி அடக்க வேண்டும். கேப்ஸ்யூல் போடும் கருவியை வேகமாக இழுக்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்வதால் மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது. மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை இரண்டு நாள் சுகம் தரும். மாதக்கணக்கில் தின்றால் எலும்பு, சர்க்கரை, தசை மூன்றும் கெடும். தொடைத் தசை இளைத்தால் மூச்சு இன்னும் சீக்கிரம் வாங்கும். அதனால் பயிற்சியோடு கூடிய நுரையீரல் மறுவாழ்வுச் சிகிச்சை மருந்துக்குச் சமம். ஃபுளூ தடுப்பூசி வருஷா வருஷம், நிமோகாக்கஸ் தடுப்பூசி மருத்துவர் சொல்லும் முறைப்படி. உட்கார்ந்திருக்கும்போதே ஆக்சிஜன் அளவு 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழே நின்றால் தினம் 15 மணி நேரமாவது வீட்டில் ஆக்சிஜன் தேவைப்படலாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஆக்சிஜன் அளவு குறைவாக உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மலையேறக் கூடாது.

வேலையிடத்தைப் பற்றி மருத்துவரிடம் “மில்லு” என்று மட்டும் சொல்லாதீர்கள். பஞ்சைப் பிரிக்கும் ப்ளோரூமா, சிக்கெடுக்கும் கார்டிங்கா, நூல் சுற்றும் கோன் வைண்டிங்கா, எத்தனை வருஷம் என்று சொல்லுங்கள். தூசி அதிகம் பறப்பது முதல் இரண்டில். குறைபாடு உறுதியானவர் அங்கிருந்து பேக்கிங்குக்கோ ஸ்டோருக்கோ மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும், ஈ.எஸ்.ஐ. இருப்பவர் அங்கே வாங்கிய மருத்துவச் சான்றோடு கேட்டால் வலு இருக்கும். மூக்கைச் சுற்றிக் கட்டும் துண்டு பஞ்சுத் திப்பியைத் தடுக்கும், நுண்தூசியைத் தடுக்காது. என்-95 முகக்கவசம் வேண்டும்; அதுவும் தாடியில்லாத முகத்தில் ஓரம் பதிந்து உட்கார வேண்டும். வீட்டில் மட்டை எரிக்கும் வெந்நீர் அடுப்பு, காங்கயம் பக்கம் தொட்டிக்கரி (தேங்காய்ச் சிரட்டைக் கரி) சுடும் புகை, இவற்றில் நிற்பது பெரும்பாலும் பெண்கள். புகையே பிடிக்காத பெண்ணுக்கு எப்படி எம்ஃபிசீமா என்று வியக்கும் முன் இதைக் கேட்க வேண்டும். கேட்ட பிறகும் ஆல்பா-1 அளவைப் பார்க்க வேண்டும்.

அண்ணனுக்கு உறுதியாகி, 20 வயதுத் தம்பிக்கும் அதே இரண்டு பிரதி என்று தெரிந்தால், அவனுக்கு இப்போது ஒரு தொந்தரவும் இருக்காது. அவனுக்குத்தான் இந்தப் பரிசோதனையால் லாபம் அதிகம். இப்போதே ஒரு ஸ்பைரோமெட்ரி எடுத்து வைத்து, வருஷம் ஒரு முறை அதோடு ஒப்பிட வேண்டும். பீடி, சிகரெட்டைத் தொடவே கூடாது. ப்ளோரூமிலோ ஃபவுண்டரியிலோ மஞ்சி மில்லிலோ வேலைக்குச் சேரும் முன்பே வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டும். அவனுக்குப் பெண் பார்க்கும்போது சொந்தத்தில் முடிப்பதானால், பெண்ணுக்கும் ஒரு முறை சீரம் அளவு எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.